பெயர் சொல்லாத கொக்கு

நான்கு வருடப் படிப்பை ஏழு வருடம் படித்தவர் கிளியோஃபஸ் டார்ப்ளி. இதைக் குறையாகச் சொல்லும் குறுகிய மனம் படைத்தவர்கள் மிசிசிப்பியில் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஒழுங்காகப் படித்து நான்கே வருடத்தில் வெளியேறியவனுக்கு மேலே மூன்று வகுப்பு, கீழே மூன்று வகுப்பு, தன்னுடையது ஒன்று என்று ஏழு வகுப்பு ஆட்களோடுதான் பழக்கம் இருக்கும். டார்ப்ளிக்குப் பத்து வகுப்பு. வெப்பவியல் பாடம் அவரை மூன்று வருடம் வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்ததன் நிகர லாபம் அது. வெப்பவியலில் முதல் வகுப்பில் தேறியவர்கள் பிற்காலத்தில் வேலை தேடி டார்ப்ளியிடம்தான் வந்தார்கள் என்பதையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது.

அவர் படித்தது கிரீன்லீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். மற்ற கல்லூரிகள் கறுப்பர்களை வாசலோடு நிறுத்திய காலத்தில் நம் ஆட்கள் தாங்களே செங்கல் சுட்டு, சதுப்பு நிலத்தின் நடுவே எழுப்பிய கல்லூரி. அதன் சின்னம் கொக்கு. அடிக்கல் நாட்டிய பாதிரியார் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்தபோது எதிரே ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது அதுதானாம். ஒரு கழுகோ சிறுத்தையோ அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வந்திருந்தால் எங்கள் பிழைப்பு வேறு மாதிரி இருந்திருக்கும். வந்தது கொக்கு. ஆகவே கிரீன்லீயில் படித்த இரண்டு பேர் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்தாலும் ஒருவர் "யாரு நிக்கிறா?" என்று கத்த வேண்டும், மற்றவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு "கொக்கு நிக்குது!" என்று பதில் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில், நீதிமன்ற வராந்தாவில், சவ அடக்கத்தில் என்று விதிவிலக்குக் கிடையாது.

கால் தரைக்கு வந்ததும் மூன்று கேள்விகள். எந்த வருஷம்? எந்த விடுதி? ரூம்ல கூட யாரு? இந்த மூன்றுக்கும் பதில் பொருந்தினால், உனக்கு என்ன வேலை தெரியும் என்ற நாலாவது கேள்வி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சிரிக்கலாம்தான். ஆனால் ஒரு கதவு நம் ஆட்களில் ஒருவனுக்குத் திறந்தால், அவன் அது சாத்திக்கொள்ளுமுன் ஒரு காலை இடுக்கில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவனைக் கூப்பிட வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கால் இன்னும் இடுக்கில்தான் இருக்கிறது. நிற்பதற்கு மிச்சம் இருப்பது மற்றது. பாதிரியாருக்குக் கொக்கு தென்பட்டதற்கு இதைவிட நல்ல காரணத்தை யாரும் இதுவரை சொல்லவில்லை.

டார்ப்ளியின் பிழைப்பு ஜாக்சன் நகரில். குளிரூட்டி சாதனங்கள் மொத்தமாக விற்கும் ஒரு கம்பெனியில் கல்லாவுக்குப் பின்னால் நின்று தொடங்கி, மாநிலத்தின் தென்பாதிக்கு விற்பனை மேலாளராக உயர்ந்தவர். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. உயிரைக் கொடுத்துச் செய்த வேலை வேறு. பெட்ரோல் நிலையத்தில் பக்கத்துக் காரின் எண் தகட்டைச் சுற்றிக் கொக்குப் படம் போட்ட சட்டம் இருந்தால் போதும், வண்டிக்காரர் எரிபொருள் நிரப்பி முடிப்பதற்குள் அவர் எந்த வருடம், எங்கே வேலை, அங்கே ஆள் எடுக்கிறார்களா என்பதெல்லாம் டார்ப்ளி கைக்கு வந்துவிடும். யார் எதைத் தேடினாலும் அவர் வாயிலிருந்து ஒரே வாக்கியம்தான் வரும்: "என்கிட்ட ஒரு ஆள் இருக்கான்." அப்படி அவர் கையால் போன ஆட்கள் வங்கியில் இருக்கிறார்கள், நெடுஞ்சாலைத் துறையில் இருக்கிறார்கள், ஒருவர் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனப் பிரிவுக்குத் தலைவராக இருக்கிறார். அந்தக் கடைசி ஆளுக்குப் பாம்பு என்றால் பயம் என்பது பிறகுதான் தெரிந்தது. வருடமும் விடுதியும் சரியாகப் பொருந்தியிருந்தன.

இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம். யாராவது "எந்த வருஷம்?" என்று கேட்டால் "தொண்ணூறு" என்பார். எண்பத்தாறில் சேர்ந்தவர்கள் தொண்ணூறில் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் வாங்கியது தொண்ணூற்று மூன்றில். "நாம வந்த வருஷம்தான்யா நம்ம கையில இருக்கு. போற வருஷம் பல்கலைக்கழகத்தோட இஷ்டம்," என்பது அவர் தத்துவம். இந்தத் தத்துவத்தை ஏற்காத ஒரே ஆள் ஓடெல் குவார்ல்ஸ். தபால் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய மாணவர் சங்கத்தின் ஜாக்சன் கிளைக்குத் தலைவர், எழுபத்தொன்பதாம் வருட வகுப்பு. தவறான விலாசத்தை எங்கே கண்டாலும் விடாத கை. விழாக் கூடாரத்தில் வருட வருடம் வகுப்புகளை அழைக்கும்போது, டார்ப்ளி தொண்ணூறோடு எழுந்து காலைத் தூக்குவதைப் பார்த்து ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சும் ஒலிபெருக்கியில் கேட்கும்.

இந்த நிலையில் ஆகஸ்ட் மாதம் டார்ப்ளியின் கம்பெனியை ஒஹையோக்காரர்கள் வாங்கினார்கள். தென்பாதியை இனி ஒஹையோவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தார்கள். கேக் வெட்டி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கேக்கில் அவர் பெயர் சரியாக இருந்தது என்பதை டார்ப்ளி திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டில் மனைவி வெர்னீஸ் கேக்கை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்சூரன்ஸ்?"

"வருஷக் கடைசி வரைக்கும் ஓடும்."

"என் கண்ணு ஜனவரியில."

வெர்னீஸுக்கு இடது கண்ணில் நீர் அழுத்தம். சொட்டு மருந்தெல்லாம் விட்டுப் பார்த்தாகிவிட்டது, ஜனவரியில் அறுவை செய்தே தீர வேண்டும், தள்ளிப் போட்டால் பார்வை போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வெர்னீஸ் வேலை பார்க்கும் கடையில் பூ உண்டு, காப்பீடு கிடையாது. ஆக, வருடம் முடிவதற்குள் டார்ப்ளிக்குக் காப்பீட்டோடு ஒரு வேலை வேண்டும்.

"ஊர்ல பாதிப்பேருக்கு வேலை வாங்கிக் குடுத்த ஆளு நீ. ஒரு போன் போடு."

"போடுறேன்."

"இப்ப போடு."

"வெர்னீஸ், அடுத்தவனுக்குக் கேக்குறது வேற. தனக்குக் கேக்குறது வேற. ஊரே என்கிட்ட வந்து நிக்குது. நான் போயி யார்கிட்ட நிக்கிறது?"

"ஒத்தக்கால்ல நிக்கத்தான் தெரியுமே உனக்கு. போயி நில்லு."

வெர்னீஸ் படித்தது எதிரிக் கல்லூரியான மெரிவெதரில். அதன் சின்னம் முதலை. கொக்கை முதலை என்ன செய்யும் என்பது குறித்து அந்த வீட்டில் முப்பது வருடமாகப் பேச்சு நடக்கிறது.

செப்டம்பரில் கிளைக் கூட்டம். ஒரு தேவாலயத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் நடக்கும். முதலில் கல்லூரிப் பாட்டு. முதல் பத்தியை எல்லோரும் பாடுவார்கள், இரண்டாவது பத்தி யாருக்கும் தெரியாது என்பதால் பக்தியோடு முனகுவார்கள். பிறகு ஜெபம். பிறகு, விழாவுக்கு வறுப்பது கெளுத்தி மீனா, கோழியா என்ற விவாதம். அது முடிந்தபோது (முடியவில்லை, ஒத்திவைக்கப்பட்டது) ரோவீனா ஃபான்ட்ராய் எழுந்தார். தொண்ணூற்றொன்றாம் வருட வகுப்பு. நகரத்தில் மூன்று மருத்துவமனைகளின் கட்டடப் பொறுப்பு முழுக்க அவர் கையில்.

"எங்க மூணு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே ஆள் எடுக்கப் போறோம். குளிரூட்டி, கொதிகலன், குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. சின்னப் பசங்க வேணாம். மிஷின் முக்குறதை வச்சே எங்க வலின்னு சொல்ற ஆளா இருக்கணும்." இவ்வளவையும் பொதுவாகச் சொல்லிவிட்டு டார்ப்ளி பக்கம் திரும்பினார். "கிளியோ அண்ணே, உங்க கையில ஆள் இல்லாம இருக்காதே?"

இதோ, வேலையே தேடி வந்துவிட்டது. டார்ப்ளி எழுந்தார். வாயைத் திறந்தார்.

"என்கிட்ட ஒரு ஆள் இருக்கான்," என்றது வாய்.

முப்பது வருடம் அதையே சொல்லிப் பழகிய வாய். 'நான் இருக்கிறேன்' என்று சொல்ல அதற்குப் பயிற்சி கொடுக்கப்படவில்லை. சொன்னது சொன்னதுதான் என்று அது தொடர்ந்தும் ஓடியது. அவனுக்கு முப்பது வருட அனுபவம், குளிரூட்டியின் சத்தத்தை வைத்தே வயதைச் சொல்வான், தங்கமான மனுஷன், பார்க்கவும் லட்சணம் என்றெல்லாம் டார்ப்ளி தன்னைப் பற்றி இதுவரை தானே கேட்டிராத நல்ல வார்த்தைகளைக் கேட்டார்.

"நம்ம கொக்கா?" என்றார் ரோவீனா.

"நம்ம கொக்குதான்."

"எந்த வருஷம்?"

தொண்ணூறு என்றால் மாட்டிக்கொள்வார். தொண்ணூற்று மூன்று என்று சொல்ல நாக்கு எழாது. கண் ரோவீனா மேல் இருந்தது. "தொண்ணூத்தொண்ணு," என்றார்.

"என் வகுப்பா! எந்த விடுதி?"

டார்ப்ளி தன் வாழ்நாளிலேயே மிகச் சாதுரியமாக யோசித்தது அந்தக் கணத்தில்தான். ஏதாவது ஒரு விடுதியைச் சொன்னால், அங்கே இருந்தவன் ஒருவன் 'எனக்கு அப்படி யாரையும் தெரியாதே' என்று கிளம்புவான். யாருமே இல்லாத விடுதியைச் சொன்னால்? எண்பத்தேழில் கெய்தர் விடுதியில் கொதிகலன் வெடித்து, கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த பையன்களை எல்லாம் கால்பந்துத் திடலின் ஓரத்தில் தகர வண்டி வீடுகளில் போட்டார்கள். அந்த வண்டிகளுக்கு 'டப்பா' என்று பெயர். டார்ப்ளியே டப்பாவில் கிடந்தவர்தான். பூட்டிய விடுதியில் எவனும் இல்லை. எவனும் இல்லாவிட்டால் சாட்சியும் இல்லை.

"கெய்தர்," என்றார் வெற்றியோடு.

கூடத்தில் யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"கெய்தரா," என்றார் குவார்ல்ஸ் மெதுவாக. "டப்பான்னு சொல்லல. கெய்தர்னு சொன்னானா?"

"கெய்தர்னுதான் சொன்னான்."

"பேரு என்ன?"

"இப்ப இருக்குற கம்பெனிக்குத் தெரியக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டான். அப்புறம் சொல்றேன்."

குவார்ல்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டப்பாவில் கிடந்தவன் எவனும், சாகும்போதுகூட, கெய்தர் என்று சொல்ல மாட்டான். டப்பா என்றுதான் சொல்வான், அதையும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். இது ஜாக்சனில் தபால்காரர் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். "பிரதர் டார்ப்ளி," என்றார் அவர், மிகுந்த அனுதாபத்தோடு. "உன்னை எவனோ ஏமாத்தியிருக்கான்யா. அவன் கொக்கே இல்ல."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது வெர்னீஸ் கடைசிவரை கேட்டார். பிறகு, "அப்ப அந்த ஆளு யாருன்னு ரோவீனாவுக்குத் தெரியாது?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். நேத்து என் ஐஸ்கிரீமை மொத்தமாத் தின்னுட்டு வெறும் டப்பாவை ஃப்ரிட்ஜுல வச்சவன்."

"வெர்னீஸ், ரெண்டு நாள்ல சரி பண்ணிருவேன்."

சரி பண்ண அவகாசம் கிடைக்கவில்லை. மறுநாளே 'போலிக் கொக்கு விசாரணைத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. பத்து வகுப்பு ஆட்களைத் தெரிந்தவர் என்பதாலும், பாதிக்கப்பட்டவர் என்பதாலும் டார்ப்ளியே அதற்குத் தலைவர். தலைவர் என்ற முறையில் அவர் முதலில் விசாரிக்க வேண்டிய சாட்சி, அந்த ஆளைக் கொண்டுவந்த டார்ப்ளி. கடைசியில் பிடிக்க வேண்டிய குற்றவாளியும் டார்ப்ளி. போக்குவரத்துச் செலவே இல்லாத விசாரணை.

ஆனால் குவார்ல்ஸ் துணைக்குழுவை நம்பி உட்கார்ந்திருக்கும் ரகம் இல்லை. மெம்ஃபிஸ் கிளைக்குப் போன் போட்டார். மெம்ஃபிஸ் அட்லாண்டாவுக்குப் போட்டது. அட்லாண்டா ஹூஸ்டனுக்கு. ஒரு வேலைக்கு ஆள் தேட இத்தனை வருடம் கட்டி எழுப்பிய அந்த மாபெரும் வலை, இல்லாத ஒரு ஆளைத் தேடி முழு வேகத்தில் இயங்கத் தொடங்கியது. "குளிரூட்டி தெரிஞ்சவன், தொண்ணூத்தொண்ணுன்னு சொல்லிக்கிறான், கெய்தர்னு உளர்றான், உஷார்" என்று செய்தி பரவியது. பரவிய செய்தி டார்ப்ளிக்கும் வந்தது, ஒன்பது பேரிடமிருந்து, தனித்தனியாக, கவனமாக இருக்கச் சொல்லி. ஹூஸ்டனிலிருந்து ஒருவர் மட்டும் ரகசியமாக, "போலியா இருந்தாலும் பரவாயில்ல கிளியோ, வேலை தெரிஞ்சவனாத்தான் தெரியுது, என்கிட்ட அனுப்பு" என்றார். டார்ப்ளிக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது. ஹூஸ்டன் தூரம். வெர்னீஸின் மருத்துவர் இங்கே.

ஷ்ரீவ்போர்ட்டில் எல்பர்ட் பிக்ஸ்பி என்ற குளிரூட்டி மெக்கானிக் மாட்டினார். பாவம், உண்மையான கொக்கு. அவர் காரில் கொக்குச் சட்டம் இருந்தது, கையில் குளிரூட்டித் தொழில் இருந்தது, முகத்தை அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. கைப்பேசியில் முகம் தெரியும்படி அழைத்து, மூன்று கிளைகளின் முன்னிலையில் அவரை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார் குவார்ல்ஸ். நின்றார். மறுபடியும் அழைத்தார். மறுபடியும் நின்றார். திருப்தி ஏற்படாமல் ஒரு மாதம் முழுக்க, வாரம் ஒரு முறை நிற்க வைத்தார். துணைக்குழுத் தலைவர் என்ற முறையில் டார்ப்ளியும் அந்த அழைப்புகளில் இருந்தார். கேமராவை மட்டும் அணைத்து வைத்திருந்தார்.

இதற்கிடையில் டார்ப்ளி இரண்டு முறை ரோவீனாவின் எண்ணை அழுத்தினார். இரண்டு முறையும் எதிர்முனையில் குரல் கேட்டதும், கெளுத்தியா கோழியா என்று கேட்டுவிட்டு வைத்தார்.

அக்டோபரில் பழைய மாணவர் திருவிழா. கால்பந்துப் போட்டி என்பது பெயருக்கு. போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பது மறுநாள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரியும். விஷயம் எல்லாம் திடலுக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் வரிசை வரிசையாக நிற்கும் கூடாரங்களில். கரிப்புகை, பன்றி விலா, மக்காச்சோள ரொட்டி, கெளுத்தி (கடைசியில் கெளுத்திதான் வென்றது), நாற்காலிக்கு நாற்காலி கைமாறும் விசிட்டிங் கார்டுகள். தூரத்தில் வாத்தியக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. வெர்னீஸ் வழக்கம்போல முதலைப் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எதிரி மண்ணில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து எல்பர்ட் பிக்ஸ்பி நேரில் வந்திருந்தார், தன் மானத்தை மீட்க.

ரோவீனா வந்ததும் நேராக டார்ப்ளியிடம் போனார். "கிளியோ அண்ணே, உங்க துணைக்குழு அந்த ஆளைப் பிடிச்சா பிடிக்கட்டும், விட்டா விடட்டும். எனக்கு இன்னைக்கு ஒரு பேரு வேணும். திங்கக்கிழமைக்குள்ள நான் பேர் குடுக்கலேன்னா வெளியாளுக்குப் போயிரும். எங்கிட்ட வேற ஆளே இல்ல."

டார்ப்ளி வெர்னீஸைப் பார்த்தார். வெர்னீஸ் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் அவரைப் பார்த்தார். தலைவலி வரும்போது அப்படித்தான் பார்ப்பார். இப்போது தலைவலியா, வேறு ஏதாவதா என்று டார்ப்ளியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

குவார்ல்ஸ் ஒலிபெருக்கியைத் தூக்கினார். "வகுப்புகளைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, துணைக்குழுத் தலைவர் அறிக்கை குடுப்பார்."

டார்ப்ளி எழுந்தார். "துணைக்குழு ஆளைக் கண்டுபிடிச்சிருச்சு."

கைதட்டல். "எங்க இருக்கான் அவன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இங்கதான். நம்ம கூடாரத்துலயே உக்காந்து விலா எலும்பு கடிச்சிட்டிருந்தான்."

அத்தனை பேரும் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார்கள். சமீபத்தில் சைவத்துக்கு மாறிய ஒரு பல் மருத்துவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான்," என்றார் டார்ப்ளி. "எனக்கு வேலை போயி ரெண்டு மாசமாச்சு. அந்த ஆளு நான்தான்."

முதலில் வாய் திறந்தவர் பிக்ஸ்பி. "யோவ்! அப்ப என்னை எதுக்குய்யா ஒரு மாசமா ஒத்தக்கால்ல நிக்க வச்சீங்க?"

"மன்னிச்சிரு பிரதர்."

"என் மாமியார் முன்னாடி நின்னேன்யா!"

குவார்ல்ஸ் ஒலிபெருக்கியை இறக்கவில்லை. தபால் துறையில் முப்பத்தைந்து வருடம் கழித்தவர், ஒரே ஆளுக்கு மூன்று விலாசத்தை இதுவரை பார்த்ததில்லை. "தொண்ணூறுன்னு நிப்பே. தொண்ணூத்தொண்ணுன்னு சொன்னே. பூட்டுன விடுதியில வேற குடியிருந்திருக்கே. டப்பாவுல கிடந்தவன் டப்பான்னு சொல்ல உனக்கு என்னய்யா கேடு?"

"யாரும் இல்லாத இடமாச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் அண்ணே."

"நம்ம ஆளுங்களா? கேக்க மாட்டாங்களா?"



ரோவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "தொண்ணூத்திரெண்டுல நான் வேலை இல்லாம அலைஞ்சப்ப என்னை ஒரு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. நீங்களே அப்ப மாணவர். நான் யாருன்னுகூட உங்களுக்குச் சரியாத் தெரியாது. என் பேரை 'ரெஜினா'ன்னு சொல்லி அறிமுகப்படுத்தினீங்க. நான் திருத்தக்கூட இல்ல, அந்தக் கம்பெனியில மூணு வருஷம் ரெஜினாவாத்தான் இருந்தேன். எனக்காக நீங்க கேக்கலாம். உங்களுக்காக எங்கிட்டக் கேக்கக்கூடாதா? அவ்வளவு சின்னவளா நான்?"

"அதில்லம்மா..."

"கேளுங்க இப்ப. வாயைத் திறந்து கேளுங்க. 'ஒரு ஆளு' எல்லாம் வேணாம்."

டார்ப்ளி தொண்டையைச் செருமினார். "ரோவீனா, எனக்குத் தெரிஞ்ச ஒரு..."

"கிளியோ!" என்றது பச்சை ஸ்வெட்டர்.

"எனக்கு வேலை வேணும்," என்றார் டார்ப்ளி.

சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். வானம் இடியவில்லை. ஒருவர் விலா எலும்பை மறுபடி எடுத்தார்.

"அப்படி வாங்க," என்றார் ரோவீனா. "விண்ணப்பத்தை இன்னைக்கே அனுப்புங்க. ஆனா வேலையை நான் குடுக்கல. வியாழக்கிழமை மூணு பேர் உக்காந்து கேள்வி கேப்பாங்க. அதுல ரெண்டு பேருக்குக் கொக்குன்னா பறவையா பூச்சியான்னுகூடத் தெரியாது. கதவு வரைக்கும்தான் நான். அப்புறம் ஒண்ணு, பட்டம் வாங்கின வருஷத்தைச் சரியா எழுதணும். கல்லூரி ஆபீசுல கேட்டுச் சரிபார்ப்பாங்க."

குவார்ல்ஸ் ஓரடி முன்னால் வந்தார். "எந்த வருஷம் எழுதுவே?"

டார்ப்ளி வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"கேக்கல," என்று ஒலிபெருக்கியை நீட்டினார் குவார்ல்ஸ்.

"தொண்ணூத்தி மூணு!"

அது வண்டி நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது. எதற்கென்று தெரியாமலே அடுத்த கூடாரங்களிலும் கை தட்டினார்கள். குவார்ல்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கரிப்புகை கண்ணைக் கரிக்கிறது என்றார்.

பிறகு வகுப்புகளை அழைத்தார்கள். வகுப்பின் வருடம் வந்ததும் எல்லோரும் ஒற்றைக்காலில் எழ வேண்டும். ஒருவர் தோளை ஒருவர் பிடிக்கலாம், கம்பத்தைப் பிடிக்கக் கூடாது. கடைசிவரை நிற்கும் வகுப்புக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரம், பெரிய தட்டு முழுக்க. தொண்ணூறு வந்தது. பழைய தோழர்கள் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். டார்ப்ளி நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார். அதற்குள் அவர் கால் ஒன்று பழக்கதோஷத்தில் அரையடி எழும்பிவிட்டது. அதைக் கையால் அமுக்கினார்.

தொண்ணூற்று மூன்று. ஐந்தாறு பேர்தான். நடுவில் டார்ப்ளி போய் நின்றார்.

"அண்ணே, நீங்க எங்க வகுப்பா?" என்றார் ஒரு பெண்மணி, வங்கி மேலாளர். "நாங்க உங்களை ஆய்வகத்துல வேலை பாக்குறவருன்னுல்ல நெனச்சோம்! என் கருவியை எல்லாம் உங்களைத்தானே கழுவச் சொன்னேன்?"

"கழுவினேன்மா," என்றார் டார்ப்ளி கண்ணியமாக.

காலைத் தூக்கினார். வலது முழங்கால் பல வருடமாகவே சரியில்லை. ஆட்டம் கண்டது. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு அவர் இடுப்பு வாரைப் பிடித்தது. எல்பர்ட் பிக்ஸ்பி. அவரும் தொண்ணூற்று மூன்றுதான் என்பதைத் துணைக்குழு கடைசிவரை கேட்கவே இல்லை.

"தோளைப் பிடிச்சுக்க," என்றார் பிக்ஸ்பி பல்லைக் கடித்துக்கொண்டு. "விழுந்து தொலைச்சிராதே. நான் ஒரு மாசமாப் பழகியிருக்கேன்."

அந்த வருடம் தொண்ணூற்று மூன்று இரண்டாம் இடம் பிடித்தது. வகுப்பின் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. பணியாரம் வழக்கம்போல எழுபத்தொன்பதுக்கு, அதாவது குவார்ல்ஸுக்கு. அவருக்கு ஒரு முழங்கால் எஃகு. பூட்டிக்கொண்டால் சாயங்காலம் வரை நிற்கும்.

வியாழக்கிழமை மூன்று பேர் உட்கார்ந்து டார்ப்ளியைக் கேள்வி கேட்டார்கள். கொதிகலனைப் பற்றிக் கேட்டார்கள், குழாயைப் பற்றிக் கேட்டார்கள், வெப்பவியலைப் பற்றிக்கூட ஒன்று கேட்டார்கள். மூன்று முறை படித்த பாடம், பதில் தடையில்லாமல் வந்தது. எந்த விடுதி என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில், "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றபோது, "டப்பா" என்று சொல்ல வாய் துடித்தது, அடக்கிக்கொண்டார். டிசம்பர் முதல் வாரத்தில் வேலையில் சேர்ந்தார். ஜனவரி முதல் தேதி காப்பீடு தொடங்கியது.

வெர்னீஸின் அறுவைக்கு நாள் கிடைக்க மார்ச் ஆகும் என்று மருத்துவமனையில் இழுத்தார்கள். வெர்னீஸ் கைப்பேசியை எடுத்து, அறுவை மருத்துவரின் அலுவலகத்துக்கு நேராகப் போட்டார். மருத்துவர் மெரிவெதர் கல்லூரி என்பது சுவரில் மாட்டியிருந்த பட்டத்திலிருந்து அவருக்குத் தெரியும். "நான் முதலை, எண்பத்தொன்பது, வடக்கு விடுதி. எனக்கு ஜனவரியில நாள் வேணும்," என்றார். கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டார்ப்ளி, முப்பது வருடத் தொழில் அனுபவம் உள்ளவர், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"வேற என்ன?" என்றார் வெர்னீஸ்.

அறுவை அன்று காத்திருக்கும் அறையில், பச்சை முதலை படம் ஒன்றின் அடியில், டார்ப்ளி கொக்குத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. மருத்துவர் முகமூடியை இறக்கிக்கொண்டே வந்தார். நல்லபடி முடிந்தது, பார்வைக்கு ஆபத்தில்லை, சாயங்காலம் கட்டோடு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். பிறகு தொப்பியைப் பார்த்தார்.

"கிரீன்லீயா?" என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எந்த வருஷம்?"

"தொண்ணூத்தி மூணு," என்றார் டார்ப்ளி. இரண்டு காலும் தரையில் இருந்தன.